அது பணிவல்ல

புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளை, "எனக்கு இதற்குத் தகுதியில்லை, என்றேனும் குட்டு உடைந்துவிடும்" என நடுங்கினால், அதைப் பணிவென்று மெச்சுவோர் நம் சமுதாயத்தில் பலர். நாம் இதை ஏற்பதற்கில்லை.

யமாமா போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானபின், குர்ஆனைத் திரட்டும் பொறுப்பு இளைஞரான ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் வந்தது. மலையைப் பெயர்ப்பதே இதைவிட எளிது என்றுதான் அவர்கள் உணர்ந்தார்கள். அச்சம் தீரட்டும் என்று காத்திருந்தார்களா? பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் மனித நெஞ்சங்களிலும் தேடித் தேடித் திரட்டினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களும் அந்த இளைஞரின் அறிவையும் நேர்மையையும் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லியே அப்பணியை ஒப்படைத்தார்கள்.

நம் வீட்டுப் பெரியவர்களோ, முதல் மாதச் சம்பளம் வருமுன்பே, "உனக்கேன் இந்த வேலை? மாமா கடையில் உட்கார்" என்கிறார்கள்.