ஐம்பதுக்கு ஒன்று குறைவு

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில் நம் ஊர்ச் சந்திகளில் தொங்கும் பதாகைகளைப் பாருங்கள். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படம், அதன் பக்கத்தில் வாழ்த்தும் ஹாஜியாரின் படம் (பல வேளைகளில் பிள்ளையின் படத்தைவிடப் பெரிதாக). மகிழ வேண்டிய விடயந்தான். ஆனால் இஸ்லாம் பாடத்தைப் பொறுத்தவரை மன்னார் மக்கள் கவலைப்பட வேண்டிய எழுத்து ஏ அல்ல, சி.

75 புள்ளிக்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. உயர்தரம் படிக்கத் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்றிலேனும் சி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கொழும்பின் பெரிய பாடசாலைப் பிள்ளைக்கு மூன்று சி ஒரு பொருட்டல்ல. முசலியிலோ சிலாவத்துறையிலோ கணிதத்தில் எஸ் எடுத்துக் கரையேறும் பிள்ளைக்கு அந்த மூன்றும் எங்கிருந்து வரும்? தமிழில் ஒன்று, இஸ்லாத்தில் ஒன்று, மற்றது அல்லாஹ் விட்ட வழி. 1990 ஒக்டோபரில் புலிகளால் விரட்டப்பட்டுப் புத்தளக் கரையில் அகதியானவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 2009க்குப் பின் ஊர் திரும்பியும், ஒரு கால் புத்தளத்திலும் மறு கால் மன்னாரிலுமாக வளர்ந்தவர்கள் இவர்களுள் உண்டு. இவர்களுக்கு ஐம்பதாவது புள்ளி ஒரு வாசற்படி.

அந்தப் படியின் உயரத்தைத் தீர்மானிப்பது யார்? ஐம்பது என்ற எண் ஆண்டுக்காண்டு அசைவதில்லை. ஆகவே அது நீதியானது என்று நினைத்துக்கொள்கிறோம். அசைவது வினாத்தாள். ஓர் ஆண்டு வுழூவின் பர்ளுகளையும் தொழுகையின் நிபந்தனைகளையும் கேட்டால் ஓதல்பள்ளிக்குப் போன பிள்ளையெல்லாம் ஐம்பதைத் தாண்டும். மறு ஆண்டு ஸ்பெயின் முஸ்லிம்களின் அறிவுப் பணியை விளக்கச் சொன்னால் அதே பிள்ளை நாற்பதுகளில் நிற்கும். பிள்ளை மாறவில்லை, எழுத்து மாறிவிட்டது. உண்மையான எல்லைக்கோட்டைப் போடுவது வினா எடுப்பவரின் பேனாவும் புள்ளித் திட்டமுந்தான். நூலின் வசனத்தை அப்படியே ஒப்புவிப்பவருக்கு எத்தனை, தன் சொல்லில் விளங்கி எழுதியவருக்கு எத்தனை என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

இங்கிலாந்தில் சமயக் கல்வி உட்பட எந்தப் பாடத்துக்கும் விடைத்தாள் திருத்திய பிறகே அவ்வாண்டுக்கான எல்லைப் புள்ளியை வகுக்கிறார்கள். தாள் கடினமென்றால் கோடு இறங்கும், இலகுவென்றால் ஏறும். அதுவும் பழுதற்றதல்ல. 2020இல் பரீட்சையே நடவாத நிலையில் கணினிச் சூத்திரம் ஒன்றைக் கொண்டு உயர்தர மாணவரின் தரங்களை நிர்ணயித்தார்கள். ஆசிரியர் மதிப்பீடுகளில் ஏறக்குறைய நாற்பது வீதம் கீழிறங்கின. பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். சில நாட்களில் அரசு பின்வாங்கியது. அங்கே சண்டை பிடிக்க ஒரு கோடாவது கண்ணுக்குத் தெரிந்தது.

நம் நாட்டிலும் உயர்தரத்தில் வெறும் புள்ளியை நம்பக் கூடாது என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. பல்கலைக்கழக அனுமதிக்கு இஸட் புள்ளி வந்தது அதனால்தான். 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தது தவறென 2012இல் உயர் நீதிமன்றமே சொன்னது. பல்கலைக்கழக வாசலில் இவ்வளவு நுணுக்கம். அதற்கு முன்னுள்ள வாசலில் மட்டும் ஐம்பது என்றால் ஐம்பது!

“மார்க்கப் பாடத்துக்குச் சலுகை கேட்கிறீரா?” என்று சில மௌலவிமார் சினக்கலாம். இல்லை ஹஸ்ரத், சலுகை கேட்கவில்லை. இலகுவான தாளில் கிடைக்கும் இலவச சியும் அநீதிதான். இவ்வாண்டு ஐம்பதும் சென்ற ஆண்டு ஐம்பதும் ஒரே நிறைதானா என்று கேட்கிறேன். நிறுவையில் மோசம் செய்வோரை எச்சரித்து ஒரு சூராவே இறங்கியிருக்கிற மார்க்கத்தில் இது கேட்கத் தகாத கேள்வியா? இன்னொன்று, இந்தப் பாடத்தின் விடைத்தாள்களைத் திருத்துவோர் நம் ஆசிரியர்களே. இங்கே மாற்றாரைக் குறை சொல்லித் தப்ப வழியில்லை.

பிள்ளையின் கைக்கு வருவது எழுத்து மட்டும். எஸ் என்றால் அது 35ஆ 49ஆ என்று உம்மாவுக்கும் தெரியாது, வாப்பாவுக்கும் தெரியாது. ஒரு புள்ளியில் தவறியவளும் பதினைந்து புள்ளியில் தவறியவளும் ஒன்றாகவே தையல் வகுப்புக்கு அனுப்பப்படுகிறார்கள். பெறுபேற்றுத் தாளில் எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளியையும் அச்சிடட்டும். தாள் கடினமான ஆண்டில் கோட்டை நகர்த்த ஒரு முறை வகுக்கட்டும். இவற்றை எழுத்தில் கேட்க நம் ஆசிரியர் சங்கங்களுக்கு என்ன தடை?

பதாகை கட்டும் சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் விடத்தல்தீவிலும் வீடு வீடாகப் போய், இஸ்லாத்தில் வந்த எஸ்ஸால் மூன்றாவது சி இல்லாமல் நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேரென்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். ஹாஜியாரின் படத்தை அதற்குப் பிறகு அச்சடிக்கலாம்.