‘டிஸ்ப்ளே பீஸ், தொடாதீங்கக்கா!’ - பாத்திர ஷோரூமுக்குப் போன செக்கிங் அக்கா

திருப்பூரில் என் சித்தி குடியிருக்கும் காம்பவுண்டில் மொத்தம் ஆறு வீடுகள். கடைசி வீட்டு அக்கா 14 வருடங்களாக பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் டி-ஷர்ட்டை மேஜையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இந்தத் தீபாவளிக்கு போனஸ் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் ஒரு பெரிய கிச்சன் ஷோரூமுக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததை அவர் சொல்லக் கேட்ட பிறகு, இந்த வாரத்துக்கு வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். கொங்குப் பக்கம் சீர் பாத்திரம் என்றால் குத்துவிளக்கு, குடம், அண்டா என்று பித்தளை வரிசையாக வந்து நிற்க வேண்டும். மகள் கோவையில் ஐ.டி வேலையில் இருக்கிறார். “அண்டாவை ஃபிளாட்டுல எங்கம்மா வைக்கிறது? ட்ரை-ப்ளை செட் ஒண்ணு வாங்கிக் குடு, போதும்” என்று சொல்லிவிட்டார். அந்தப் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு அக்கா கிளம்பினார்.

“ஏ.சி., கண்ணாடி, மஞ்ச லைட்டு... நகைக்கடையாட்டம் இருந்துச்சு கண்ணு. வாணலிக்குக்கூட தனியா லைட்டு போட்டு வெச்சிருக்காங்க. ஆனா, வெல எங்கயும் கண்ணுல படல.”

விலைச்சீட்டு பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்க வாணலியைத் தூக்கியதுமே ஒரு பெண் ஓடி வந்திருக்கிறார். “டிஸ்ப்ளே பீஸ், தொடாதீங்கக்கா. ஆஃபர் ஐட்டமெல்லாம் அந்தப் பக்கம் இருக்குது.”

அதே நேரத்தில் காரில் வந்து இறங்கிய ஒரு தம்பதியை ‘சார், மேடம்’ என்று அழைத்து உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, மூடியைத் திறந்து மூடிக் காட்டியிருக்கிறார்கள். திருப்பூரில் ‘அக்கா’ என்பது பிரியமான வார்த்தைதான். பஸ் கண்டக்டர் முதல் பூக்காரம்மா வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பக்கத்தில் நிற்பவர் ‘மேடம்’ ஆகும்போது, அதே ‘அக்கா’ கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நானாக இருந்தால் வெளியே வந்திருப்பேன். அக்கா வரவில்லை. வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். சிரித்தார்.

“எதுக்கு வெக்கம்? எங்க கம்பெனியில யூரோவுல வெல போட்ட அட்டையெ நாங்கதானே துணியில மாட்டி அனுப்பறோம்? லேபிளு மாறுனா வெல எப்புடி மாறும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் புள்ள என்னைப் பாத்தா. நான் பாத்திரத்தப் பாத்தேன்.”

பார்த்த விதம்தான் அழகு. டிஸ்ப்ளே பீஸை விட்டுவிட்டு, விற்பனைக்கு இருக்கும் பெட்டியைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். வாணலியைக் கண்ணாடி மேஜையில் வைத்து ஒரு விரலால் விளிம்பை அழுத்தினார். ஆடியது. அடி சமமாக இல்லாத பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பில் சரியாக உட்காராது. அடுத்த பெட்டி. அதில் கைப்பிடி ஆணிக்குப் பக்கத்தில் விரலை ஓட்டினார், பிசிறு. மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டார். அதற்குள் அந்த விற்பனைப் பெண்ணே பக்கத்தில் வந்து நின்று, “எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம். விசாரித்தால் அவரும் முன்பு பனியன் கம்பெனியில் கைமடியாக இருந்தவர். “சொல்லிக் குடுத்ததைச் சொல்றேனுங்கக்கா. நான் ஒரு நாளும் இதுல சமைச்சது இல்லை” என்றாராம். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட்டுத் தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. அந்த ஷோரூமில் இருந்த சோபா வாடிக்கையாளருக்கு மட்டும்தான்.

ட்ரை-ப்ளைக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். அதில் மூன்று அடுக்குகள் இருக்கும். உள்ளேயும் வெளியேயும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நடுவில் அலுமினியம். ஸ்டீல் சூட்டைச் சீக்கிரம் பரப்பாது, அதனால்தான் எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் அடிப்பிடிக்கிறது. அலுமினியம் சூட்டை எல்லாப் பக்கமும் கொண்டுபோகும். ஆகவே, அந்த விலையில் வெறும் பெயர் மட்டும் இல்லை, விஷயமும் இருக்கிறது. இண்டக்‌ஷனுக்கு ஆகுமா என்று பார்க்க அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள், நன்றாக ஒட்ட வேண்டும். ஆனால் ‘காந்தம் ஒட்டாவிட்டால் ஒசத்தி ஸ்டீல்’ என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நல்ல ரகமான 304-ம் ஒட்டாது, அதைவிட மலிவான 202-ம் பெரும்பாலும் ஒட்டாது. காந்தத்தை விட ஐ.எஸ்.ஐ முத்திரையைத் தேடுவது நல்லது. குக்கருக்கு அந்த முத்திரை கட்டாயம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியப் பாத்திரங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 மார்ச்சில் உத்தரவு போட்டது. 2022-ல் முத்திரை இல்லாத குக்கர்கள் தங்கள் தளத்தில் விற்கப்பட்டதற்காக அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது நினைவிருக்கலாம்.

அக்கா கதையைச் சொன்னதும் சித்தி வீட்டுத் திண்ணையில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முதல் வீட்டு அண்ணன் ஒரு மெர்ச்சண்டைசர். பெரிய கடையில் வாங்கிய நான்ஸ்டிக் தவா ஆறே மாதத்தில் உரிந்துவிட்டது, கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார் என்று கொதித்தார். என்ன கரண்டி போட்டீர்கள் என்று கேட்டேன். “இரும்புக் கரண்டிதான்.” மன்னிக்கணும் அண்ணா, இதில் நான் கடைக்காரர் பக்கம். அந்தப் பூச்சு இரும்புக் கரண்டியையும் தாங்காது, காலியாக அடுப்பில் வைத்து மறந்துபோவதையும் தாங்காது. பெட்டியில் எழுதித்தான் இருக்கிறது, பொடி எழுத்தில். விற்பவர் ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

சித்தப்பாவுக்கு நல்ல அனுபவம்தான். 11 வருட குக்கரைக் கொண்டுபோனார். சேஃப்டி வால்வையும் கேஸ்கட்டையும் மாற்றி, வெயிட்டைச் சுத்தம் செய்து கொடுத்து, பாகத்துக்கு மட்டும் காசு வாங்கினார்கள். புதுசு வாங்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனைக்கும் சித்தப்பா லுங்கியில் போயிருந்தார்.

அக்கா கதைக்கு வருகிறேன். வாங்கிய பாத்திரம் உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்காமல் மகளுக்குக் கொடுக்க அவருக்கு மனசில்லை. வீட்டிலேயே சமைத்துப் பார்த்தார். வாணலி நன்றாக இருந்தது. செட்டில் இருந்த சாஸ்பேன் கைப்பிடிதான் 19-ம் நாள் ஆட ஆரம்பித்தது. பாலைக் காய்ச்சி இறக்கும்போது கைப்பிடி கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபடியும் ஷோரூம். இந்தத் தடவை மேனேஜர். அவர் பில்லின் அடியைக் காட்டினார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ வேண்டுமானால் கம்பெனிக்கு அனுப்பிவைக்கிறோம், ஒரு மாதம் ஆகும், ரிப்பேர் செய்து வரும் என்றாராம்.

“நான் சத்தம் போடல கண்ணு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ‘எங்க கம்பெனி அனுப்பற பெட்டியில நாலு பீஸ் தையல் விட்டிருந்தா, மொத்தப் பெட்டியவும் வேண்டாம்னு சொல்லீருவாங்க. வித்தத திருப்பி வாங்க மாட்டோம்னு நாங்களும் பில்லுல அடிச்சு உட்டா, அந்த ஊருக்காரன் ஒத்துக்குவானுங்களா சார்?’ ”

மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அந்த விற்பனைப் பெண் நடுவில் வந்து, “சார், இந்தக்கா மூணு பெட்டி பிரிச்சுப் பாத்து வாங்குனவங்க. கீழ போட்டிருக்க மாட்டாங்க” என்று சொன்னாராம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். புது சாஸ்பேன் வந்தது. அதையும் மேஜையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார்.

அக்காவுக்குத் தெரியாமலே சட்டமும் அவர் பக்கம்தான் இருந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறைபாடு உள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள் போக வேண்டும், போடாவிட்டால் 30 நாட்கள். அவர் போனது 19-ம் நாள். கவனியுங்கள், இது குறைபாடு உள்ள பொருளுக்கு மட்டும்தான். ‘நிறம் பிடிக்கவில்லை, மாமியார் வேண்டாம் என்றார்’ என்பதற்கெல்லாம் பொருந்தாது. கடை ஒத்துவராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் பில் வேண்டும்.

பில் என்றதும் அனுப்பர்பாளையம் போன கதையையும் சொல்லியாக வேண்டும். மகள் என்ன சொன்னாலும் குத்துவிளக்கும் ஒரு குடமும் இல்லாமல் சீர் வைக்க அக்காவால் முடியாது. அடுத்த ஞாயிறு அவரோடு நானும் போனேன். வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பூர் என்றால் பனியன்தான். அவிநாசி ரோட்டில் இருக்கும் அனுப்பர்பாளையம் மட்டும் பாத்திர ஊர். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரம் செய்கிறார்கள். சுற்றியுள்ள வேலம்பாளையம் வரைக்கும் இந்தத் தொழில்தான் ஒரு காலத்தில் சோறு போட்டது. தட்டும் சத்தம் தெருவிலேயே கேட்கும்.

இங்கே யாரும் ‘தொடாதீங்க’ என்று சொல்லவில்லை. கடைக்காரரே குடத்தைத் தூக்கி அக்கா கையில் கொடுத்து, “சுண்டிப் பாருங்கம்மிணி” என்றார். விலை எடைக்குத்தான். தராசில் வைத்தார், அன்றைய கிலோ விலையைச் சொன்னார், செய்கூலி சேர்த்தார். அக்கா கொண்டுபோயிருந்த பழைய பித்தளைச் சாமானை எடை போட்டுக் கழித்தார். குழம்பு வைக்கிற பித்தளைப் பாத்திரம் என்றால் உள்ளே ஈயம் பூசித்தான் தர வேண்டும். இல்லாவிட்டால் புளியும் பித்தளையும் சேர்ந்து களிம்பேறும். ஈயம் என்றதும் பயப்பட வேண்டாம், பூசுவது வெள்ளீயம், விஷமான காரீயம் இல்லை. இதையெல்லாம் அவர் நின்ற நிலையிலேயே சொல்லிக் கொடுத்தார். அடுத்த வாடிக்கையாளர் காத்திருந்தார், அவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டார்.

எனக்கு அந்தக் கடை ரொம்பவே பிடித்துப்போனது. பணம் கொடுக்கும் வரைக்கும்.

ஒரு வெள்ளைச் சீட்டில் கணக்கை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். கடை பெயர் இல்லை, தேதி இல்லை, வரி எண் இல்லை. “பில்லு வேணுமுங்களா? பில்லுன்னா வரி சேருமுங்க” என்றார். பாத்திரங்களுக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆக 2025 செப்டம்பர் 22-லேயே குறைந்துவிட்டது. அந்த 5 சதவிகிதத்தை மிச்சம் பிடித்தால், குடம் ஒழுகும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது. பில் தர மறுப்பதும் அதே 2019 சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைதான். அன்பாகப் பேசுபவரிடம் பில் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஷோரூமில் வராத தயக்கம் இங்கே வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அக்கா கேட்டார். “வரியப் போட்டு பில்லு குடுங்கண்ணா. நாளைக்கு ஒண்ணுன்னா உங்க மொகத்தத்தான பாக்கோணும்?” கடைக்காரர் சிரித்துக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்து பில் புத்தகத்தை எடுத்தார்.

கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். குடத்தில் மகள் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி எல்லாம் ஏறியது. அப்புறம் அக்கா பையிலிருந்து அந்த ட்ரை-ப்ளை வாணலியை எடுத்து நீட்டினார். பெயர் வெட்டுகிறவர் அதைத் திருப்பிப் பார்த்தார், விரலால் தட்டினார், அடியில் இருந்த விலைச்சீட்டைப் படித்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“இதுல உளி போட்டா அவுங்க கேரண்டி தரமாட்டாங்கம்மா.”

“கைப்பிடியில வெட்டுங்க. பட்டும் படாம வெட்டுங்க” என்றார் அக்கா.

மகள் பெயரின் முதல் எழுத்து மட்டும் விழுந்தது. அக்கா அதைக் கண்ணருகே கொண்டுபோய், முந்தானையால் ஒரு முறை துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிசிறு இருக்கிறதா என்று.