யாரிடம் கேட்கப்படுகிறது நற்சான்று?

கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை அனுபவிக்கும் ஒருவரை முன்கூட்டியே விடுவிக்கலாமா என்று அரசு ஆராயும்போது, சிறை நிர்வாகத்தின் குறிப்போடும் காவல்துறையின் கருத்தோடும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் கோப்பில் சேர்கிறது. கைதியின் ஊருக்குச் சென்று குடும்பத்தாரையும் அக்கம்பக்கத்தாரையும் கொலையுண்டவரின் உறவினரையும் விசாரித்து, அவர் திரும்பி வந்தால் ஊர் ஏற்குமா, பழைய பகை மூளுமா, பிழைப்புக்கு வழி உண்டா என்று எழுதுவது இந்த அலுவலரின் வேலை. தெரிந்தவர்கள் நல்லவிதமாகத்தானே சொல்வார்கள், இதற்கு ஓர் அறிக்கையா என்று கேட்போர் உண்டு. ஒருவர் திருந்தினாரா என்பதைத் தீர்ப்பு நகலிலிருந்து அறிய முடியாது என்பதால் அந்த விசாரணை கட்டாயம் வேண்டும். ஆனால் இப்போது நடக்கும் முறையில் அது ஆள்பலம் உள்ளவருக்குக் கைகொடுக்கிறது, நாதியற்றவரைக் கைவிடுகிறது.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்தவை என்பதால், 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் நடந்தது இப்பகுதி மக்களுக்கு அயலூர்ச் செய்தி அல்ல. பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதா தண்டிக்கப்பட்டதை எதிர்த்துத் தெருவில் இறங்கிய கும்பல், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் பயணம் செய்த பேருந்துக்குத் தீவைத்ததில் மூன்று மாணவியர் கருகி இறந்தனர். அதிமுகவைச் சேர்ந்த மூவருக்கு 2007இல் விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை 2010இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், கும்பல் வெறியில் நடந்தது, மாணவியர்மீது தனிப்பட்ட பகை இல்லை என்ற அடிப்படையில் 2016இல் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி ஆயுள் கைதிகளை விடுவிக்கும் திட்டத்தின்கீழ் அதிமுக அரசு இவர்கள் பெயரைப் பரிந்துரைக்க, ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பிப் பின்னர் ஒப்புதல் அளித்து, 2018 நவம்பரில் அவர்கள் வெளியே வந்தனர்.

தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் அரசியலமைப்பின் 161ஆவது பிரிவு தரும் அதிகாரத்தை, ஆளுநர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே பயன்படுத்த வேண்டும். அப்படியானால், ராஜீவ் கொலை வழக்கின் எழுவரை விடுவிக்குமாறு அதே அமைச்சரவை 2018 செப்டம்பரில் செய்த பரிந்துரை அதே ஆளுநரிடம் ஆண்டுக்கணக்கில் கிடந்ததும், அவர்களில் ஒருவரான பேரறிவாளனை 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே விடுவிக்க நேர்ந்ததும் எப்படி? தருமபுரி மூவரின் விடுதலை சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் கட்சிக்காரர் தீவைத்த வழக்கில் அதே கட்சி அரசு கருணை காட்டும்போது, எவர் எதைச் சொன்னதால் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதை அறிய இறந்த மாணவியரின் பெற்றோருக்கு உரிமை உண்டு.

அறிந்தவர் சாட்சியம் எப்போது கனம் பெறுகிறது என்பதற்கும் பேரறிவாளன் வழக்கே எடுத்துக்காட்டு. அவருடைய ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், குண்டில் பயன்பட்ட மின்கலம் எதற்கு வாங்கப்பட்டது என்று தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் விட்டுவிட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறினார். பேரறிவாளன் உத்தமர் என்று அவர் சொல்லவில்லை. தம் கையால் செய்ததைச் சொன்னார், ஆகவே அதைச் சரிபார்க்க வழி இருந்தது. இதற்கு நேர்மாறானது ஆந்திரத்தில் கொல்லப்பட்டவரின் மகனே தொடுத்த ஈப்பூரு சுதாகர் வழக்கு. அதில் தண்டனை பெற்ற காங்கிரஸ் பிரமுகரைப் பற்றி முன்பு பாதகமாக இருந்த அதிகாரிகளின் அறிக்கைகள் ஆட்சி மாறியபின் சாதகமாக மாறின. அவர் நல்ல காங்கிரஸ் தொண்டர் என்பதே நன்னடத்தை அலுவலரின் அறிக்கையில் ஒரு தகுதியாக இடம்பெற்றது. 2006இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைக் குறைப்பையே ரத்து செய்தது.

கட்சி இல்லாதவர் நிலை என்ன? ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள வரிசை வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்குகின்றனர். இரவு ஷிப்ட் முடிந்து வருபவர் விரிக்கும் பாய் பகல் ஷிப்டுக்குப் போனவர் சுருட்டிவைத்தது. ஒப்பந்தம் முடிந்தால் ஆள் மாறுகிறது, அறையும் மாறுகிறது. இவர்களில் ஒருவர் கொலை வழக்கில் சிறை சென்று பதினான்கு ஆண்டு கழித்து விடுதலை கோரினால், அவரை அறிந்த அறைத்தோழரோ மெஸ் நடத்தியவரோ மேஸ்திரியோ அந்த முகவரியில் இருக்கமாட்டார். வீட்டு உரிமையாளருக்கு வாடகை பாக்கி நினைவிருக்கும், ஆளின் முகம் நினைவிராது. அத்திப்பள்ளிச் சாவடிக்கு அந்தப் பக்கம் ஆனேக்கலில் குடும்பம் உள்ளவர் என்றாலோ அறிக்கை கர்நாடகத்திலிருந்து வர வேண்டும். அவரைப் பற்றிச் சொல்ல ஒருவரும் அகப்படவில்லை என்பது, அவரைப் பற்றிச் சொல்ல நல்லது எதுவும் இல்லை என்பதாகக் கோப்பில் உருமாறிவிடக் கூடாது.

தகுதியுள்ள கைதிகளை அவர்கள் விண்ணப்பிக்காவிட்டாலும் பரிசீலிக்க வேண்டும், காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. தமிழக அரசு அதன் அடுத்த படியாக, ஒவ்வொரு அறிக்கையிலும் கருத்துச் சொன்னவர் கைதியை எத்தனை ஆண்டு, எந்த வகையில் அறிவார், எதைக் கண்ணால் கண்டார் என்பதையும், அவருக்கும் கைதிக்கும் ஒரே கட்சித் தொடர்பு உண்டா என்பதையும் எழுதக் கட்டாயப்படுத்த வேண்டும். கொலையுண்டவர் குடும்பத்தின் கூற்றை ஒரு வரியில் சுருக்காமல் முழுமையாக இணைக்க வேண்டும். வெளிமாநிலத்தவர் வழக்கில், சொந்த ஊரிலுள்ள தாயையும் உடன்பிறந்தாரையும் ஒடியாவோ இந்தியோ தெரிந்த மொழிபெயர்ப்பாளர் துணையுடன் காணொலியில் விசாரிக்கலாம். விசாரணைக் கைதிகளைக் காணொலி வழியே நீதிமன்றத்தில் நிறுத்தும் வசதி சிறைகளில் ஏற்கெனவே இருப்பதால், இதற்குப் புதிய கருவி எதையும் வாங்க வேண்டியதில்லை.