முடி நட்டவர் பாரம் தூக்கலாமா?

மகனோ கணவரோ வழுக்கைக்கு முடி நட்டுக்கொண்டு வீடு வந்திருக்கிறாரா? மூன்றாம் நாளே "சும்மா இருக்க ஏலாது" என்று ஜிம்முக்குப் புறப்படுவார். மறித்து நிறுத்துங்கள்.

நட்ட வேர் உறுதியாகப் பிடிக்க 10 நாள் மட்டில் செல்லும். மூச்சடக்கிப் பாரம் தூக்கினால் குருதி அமுக்கம் திடீரென ஏறும். நட்ட இடத்தில் இரத்தம் கசியலாம். மெல்ல நடப்பதில் பிழையில்லை. பெரும் பாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். பிடரித் தோலைக் கீற்றாக வெட்டித் தைத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். கழுத்து இழுபட்டால் தழும்பு அகன்றுவிடும். அவருடைய வைத்தியர் சொல்லும் நாளே கணக்கு.

அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் கூடப் பாரந்தான். ஜிம்முக்குப் போகாதே என்று தடுத்த நாமே, "இதைக் கொஞ்சம் தூக்கி வையுங்களேன்" என்போம்!

தலையைத் தாழ்த்தினாலும் வீக்கம் கூடும். முதல் நாட்களில் ஸுஜூது செய்ய வேண்டாமென வைத்தியர் தடுத்தால், உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கத்தில் இடமிருக்கிறது.

இன்னொன்று. சில வாரங்களில் நட்ட முடி உதிரும். "பாரம் தூக்கித்தான் காசெல்லாம் பாழ்" என்று ஏசிவிடாதீர்கள். வேர் உள்ளேதான் இருக்கும். 3, 4 மாதத்தில் மறுபடி முளைக்கத் தொடங்கும்.