ரோசிக்கு எறியப்பட்ட கல்லும் நெல்லைப் பெண்களுக்கு மூடப்பட்ட கதவும்

2023 பிப்ரவரி 10 அன்று, மலையாளத் திரையின் முதல் நாயகி பி.கே.ரோசியின் 120ஆவது பிறந்தநாளைக் கூகுள் தன் முகப்பில் சிறப்பித்தது. அதே மாதத்தில்தான் ‘பரியேறும் பெருமாள்’ நாயகனின் தந்தையாக நடித்த கூத்துக் கலைஞர் நெல்லை தங்கராசு மறைந்தார். இவ்விருவரையும் சேர்த்து நினைக்கும்போது, திரைக்கும் சாதிக்குமான உறவு நமக்குத் தெளிவாகிறது.

ரோசி புலையர் சமூகத்தில் பிறந்த கூலித் தொழிலாளி. காக்காரிசி நாடகத்தில் தேர்ந்தவர். ஜே.சி.டேனியலின் ‘விகதகுமாரன்’ படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் அப்படம் திரையிடப்பட்டபோது, தலித் பெண் ஒருவர் நாயர் பெண்ணாகத் தோன்றியதைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் திரையின்மீது கல்லெறிந்தனர். அவரது வீடும் எரிக்கப்பட்டது. லாரியில் ஏறி நாகர்கோவிலுக்குத் தப்பிய ரோசி, பெயரை மறைத்து வாழ்ந்தார். அவர் மீண்டும் நடிக்கவே இல்லை. அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை.

அந்த நாகர்கோவிலுக்கு அப்பால் இருக்கிறது நமது தாமிரபரணிச் சமவெளி. இம்மண்ணின் ஒடுக்கப்பட்டோர் கதைகளை மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018), ‘கர்ணன்’ (2021), ‘வாழை’ (2024) ஆகியவை உலகறியச் செய்தன. அது பெரும் பாய்ச்சல் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், இப்படங்களின் முதன்மைப் பெண் பாத்திரங்களை ஏற்ற ஆனந்தி தெலங்கானாவையும், ரஜிஷா விஜயனும் நிகிலா விமலும் கேரளத்தையும் சேர்ந்தவர்கள். இது அக்கலைஞர்களின் குறையன்று; அவர்களது நடிப்பை நாம் மதிக்கிறோம். நம் கேள்வி வாய்ப்பின் பாதையைப் பற்றியது.

“திறமை இருந்தால் வரட்டும்” என்பார்கள். கரகாட்டமும் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் வாழும் மண்ணில் திறமைக்கா பஞ்சம்? சின்னத்திரைத் தொடர்கள் பெரும்பாலும் சென்னையில் உருவாகின்றன. நெல்லையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, அறை வாடகை கொடுத்து, புகைப்படத் தொகுப்போடு நடிகர் தேர்வுக்குக் காத்திருக்க, அன்றாடக் கூலிக் குடும்பத்துப் பெண்ணால் எவ்வளவு காலம் இயலும்? அதையும் கடந்து வந்தால், நிறமும் பேச்சுவழக்கும் குறுக்கே நிற்கின்றன. வெள்ளைத் தோலே அழகு என்னும் கற்பிதம் சாதியின் மறுவடிவமே. அன்று கல்லெறிந்து விரட்டினார்கள். இன்று கதவையே திறப்பதில்லை.

தங்கராசு எப்படித் திரைக்கு வந்தார்? தேடிச் சென்ற கண்கள் அவரைக் கண்டுகொண்டன. ஆயினும் படம் புகழ்பெற்ற பின்னரும் அவர் சிதிலமடைந்த வீட்டில் வறுமையில்தான் வாழ்ந்தார். செய்தி வெளியான பிறகே உதவிகள் வந்தன. தனிமனிதரின் நல்லெண்ணம் ஒருவரைக் கண்டெடுக்கலாம். அவரது வாழ்வைக் காக்க அமைப்பு வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஆகவே நாம் கோருவது சலுகையை அன்று, உரிமையை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் நடிப்புப் பயிற்சி தொடங்கப்பட வேண்டும். தாட்கோவின் திறன் பயிற்சிகளில் திரைக்கலைகளுக்கு உரிய இடம் வேண்டும். தொலைக்காட்சி நிறுவனங்கள் தென்மாவட்டங்களிலும் வெளிப்படையாக நடிகர் தேர்வு நடத்த வேண்டும். கல்லூரி மாணவர்கள் இக்கோரிக்கைகளைக் கையிலெடுக்க வேண்டும்.

ரோசியின் படத்தை முகப்பில் வரைவது எளிது. அவர் நடித்திருக்க வேண்டிய அடுத்த படத்தில் அவரது பேத்திகள் நடிக்கும் நாளே அவருக்கான நீதி.