பிள்ளை பிடித்தவர் யார்?

பெரியபட்டினம் சந்தனக்கூட்டுக்குப் போயிருந்தேன். ஒரு பையனைக் காணோம் என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் யாரையும் விசாரிக்கவில்லை. நேரே பாசிமணி விற்ற நரிக்குறத்தியிடம் போய் அவள் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது. கால் மணி நேரத்தில், பையன் மிட்டாய்க் கடைக்குப் பின்னால் தூங்குவது தெரிந்தது. மணலில் சிதறிய மணிகளைப் பொறுக்கிக் கொடுக்க ஒருவரும் குனியவில்லை. நானுந்தான்.

அந்த வெட்கத்தோடு எழுதுகிறேன். இவர்கள் பிள்ளை பிடிப்பவர்கள் என்பதை நம்மில் யார் கண்ணால் கண்டோம்? கதையில் கேட்டோம். ஆகவே பழியில் பெரும் பங்கு கதை எழுதும் எங்கள் கூட்டத்துக்கே.

ஐரோப்பாவிலும் இதே சங்கதிதான். அங்கே ஜிப்ஸிகள். அவர்கள் பாஷையும் நரிக்குறவர் பாஷையும் வட இந்திய வம்சம். தண்ணீரை ஜிப்ஸியும் 'பானி' என்றே சொல்வான். ஸ்பெயின் தேசத்து மேதை செர்வாண்டிஸ் 1613ல் ஒரு ஜிப்ஸிப் பெண்ணின் கதையை வெளியிட்டார். ஜிப்ஸிகள் பிறவித் திருடர்கள் என்று எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பு! நாயகியோ குணவதி. குணவதி ஜிப்ஸியாக இருக்கலாமா? முடிவில் அவள் திருடப்பட்ட பெரிய வீட்டுக் குழந்தை என்று தெரிகிறது. வாசகருக்குத் திருப்தி, ஒரு ஜனத்துக்கே களங்கம்.

நிஜத்தில் நடந்தது என்ன? 1749ல் ஸ்பெயின் அரசாங்கம் ஜிப்ஸிக் குடும்பங்களை வளைத்துப் பிடித்து, ஏழு வயதுக்கு மேற்பட்ட பையன்களைத் தாயிடமிருந்து பிரித்தது. ஆஸ்திரிய மகாராணி மரியா தெரஸாவின் ஆட்சியில் 1773ல் ஜிப்ஸிக் குழந்தைகளைப் பிடுங்கி அந்நியர் வீட்டில் வளர்க்க உத்தரவு பிறந்தது. நம் சென்னை மாகாணம் மட்டும் யோக்கியமா? 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் குறவர் முதலான பல ஜாதியாரைப் பிறவிக் குற்றவாளிகளாக்கியது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் அதில் இடமிருந்தது. இங்கே 1947ல்தான் அது ஒழிந்தது. நரிக்குறவர் வேறு, குறவர் வேறு. ஊர் வாய்க்கு அந்தப் பேதமெல்லாம் ஏது?

பிள்ளை பிடித்தவர் யார், சொல்லுங்கள்!

2022 டிசம்பரில் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவைப் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. நல்லதுதான். ஆனால் பையனைக் காணோம் என்றதும் நம் கண் எங்கே போகிறது? அதைத் திருத்த எந்தச் சட்டத்தாலும் ஆகாது. கதையால் வந்த பழியைக் கதையே துடைக்க வேண்டும். எழுதுகிறவர் எழுதட்டும். வாசிக்கிற நீங்கள், அடுத்த திருவிழாவில் மணி சிதறினால், கொஞ்சம் குனியுங்கள்.