எத்தனை சி.சி. என்று கேட்காதீர்கள்

மே மாதக் கடைசியில், மழைக்கு முந்தைய காற்று ஒரு மாலை அடித்து ஓய்ந்தால் போதும். மறுநாள் காலையில் சிஞ்ச்வட், நிகடி, பிராதிகரண் தெருக்களில் முறிந்த குல்மோஹர் கிளைகள் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். கார் வெளியே வராது. கோய்தாவும் கயிறுமாகத் திரியும் மரம் வெட்டும் ஆளைத் தேடிப் போனால், அவர் வேறெங்கோ நாலாவது வீட்டில் வேலையாக இருப்பார். கூலியும் முந்தின நாள் கூலியாக இருக்காது. ‘நாமே ஒரு மெஷின் வாங்கிப் போட்டால் என்ன?’ என்ற கேள்வி பிறப்பது அப்போதுதான்.

கேள்வி நியாயமானது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. தனி வீடு கட்டியவர்களுக்கு முன்னால் ஒரு மாமரம், பின்னால் இரண்டு தென்னை, சுவரோரம் முருங்கை. ஆண்டுக்கு நாலைந்து முறை ரம்பம் தேவைப்படும் வீடுகள் இவை. ஆனால் கடையில் போய் நின்றதும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்விதான் தப்பாகப் போகிறது: ‘எத்தனை சி.சி.?’

இது பைக் வாங்கிப் பழகிய ஊரின் கேள்வி. 58 சி.சி. எஞ்சின், 22 அங்குல ரம்பம் என்று அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட மெஷின்கள் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பெயர் பெற்ற கம்பெனியின் மெஷினில் 30 சி.சி.யும் 14 அங்குலமும்தான் இருக்கும். விலை மட்டும் இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். பாதி எஞ்சினுக்கு இரட்டை விலையா என்று கணக்குப் போட்டு, முதலாவதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தக் கணக்கில் விட்டுப்போவது எடை. 30 சி.சி. மெஷின் சுமார் நாலு கிலோ. பெரிய மெஷின் பெட்ரோல், ஆயில், ரம்பத்தோடு ஆறேழு கிலோவைத் தொடும். ஆண்டு முழுவதும் மரம் அறுப்பவருக்கு அது பழகிவிடும். அறுபது வயதில் தோட்டத்தில் நிற்பவருக்குப் பத்தாவது நிமிடத்தில் கை நடுங்கும். நடுங்கும் கையில் ஓடும் சங்கிலிதான் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து? சங்கிலி ஓடும் நீளத் தகட்டுக்கு ‘பார்’ என்று பெயர். முழு வேகத்தில் அதன் மேல் பற்கள் விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். பாரின் மூக்கில், மேல்பக்கத்துக் கால்வட்டம் எதிலாவது பட்டால் சங்கிலி ஒரு கணம் அங்கே சிக்கும். அந்த விசை முழுவதும் மெஷினை மேல்நோக்கி, பிடித்திருப்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் நேராக எறியும். ‘கிக்பேக்’ என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான். ஆள் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பார் நீளமானால் அதன் மூக்கு எங்கே இருக்கிறது என்பது கிளைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாது. பத்து அங்குலக் கிளையை அறுக்க 14 அங்குல பார் தாராளம். 22 அங்குலம் வீட்டுக்கு வேண்டாத விருந்தாளி.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது பிரேக்கைப் பற்றி. முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். அதை முன்னால் தள்ளினால் ‘டக்’கென்று விழுந்து சங்கிலியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கிக்பேக் நேரும்போது கைமணிக்கட்டு பட்டோ, அதிர்ச்சியிலோ இந்தத் தடுப்புதான் பிரேக்கைப் போடுகிறது. சில மலிவு மெஷின்களில் தடுப்பு மட்டும் உண்டு, பின்னால் பிரேக் கிடையாது, வெறும் கைக்கவசம். மெஷினை நிறுத்தி வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பிரேக் போட்ட நிலையில் சங்கிலியைக் கையால் இழுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அடுத்தது ஆக்ஸிலேட்டர். கைப்பிடியின் மேல் உள்ள பூட்டை உள்ளங்கையால் அமுக்காமல் அது இயங்கக் கூடாது. மூன்றாவது, எஞ்சின் சும்மா ஓடும்போது சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். இந்த மூன்றையும் காட்ட மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் லாபமில்லை.

அடுத்த கேள்வி பெட்ரோலா, கரண்டா, பேட்டரியா என்பது. சிஞ்ச்வட்டுக்குப் பக்கத்து ஆகுர்டியிலிருந்து வந்த பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டருக்கு ஒரு காலத்தில் பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்து ஊற்றியவர்களுக்கு இந்த எஞ்சின் புதிதல்ல. பெட்ரோல் ரம்பமும் அதே இரண்டு ஸ்ட்ரோக்தான். ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. எந்தக் கணக்கு என்பதை அந்த மெஷினின் கையேடு சொல்லும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

எப்போதாவது பயன்படுத்துவோருக்குத் தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. 2025இல் இந்திய பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. சிறிய இரண்டு ஸ்ட்ரோக் மெஷின்கள் பலவற்றின் கையேடு பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புனே வட்டாரத்து மழைக்காலத்தில் மூன்று மாதம் டாங்கில் கிடந்த பெட்ரோல் தண்ணீராகவும் பிசினாகவும் பிரிந்து கார்புரேட்டரை அடைக்கும். ரப்பர் குழாய்களும் கெடும். அடுத்த காற்றுக்கு மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் வலிக்கும். பெட்ரோல் ரம்பம்தான் வேண்டும் என்பவர், கையேடு எத்தனை சதவீத எத்தனாலை அனுமதிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட விட வேண்டும்.

சேட்டக்கே 2020இல் மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. வீட்டு ரம்பத்துக்கும் அந்த வழி பெரும்பாலும் சரிப்படும். வீட்டிலிருந்து இருபது மீட்டருக்குள் இருக்கும் மரங்களுக்கு, வயர் இணைத்து ஓட்டும் 14 அல்லது 16 அங்குல மின்சார ரம்பம் போதும். கலவை இல்லை, கார்புரேட்டர் இல்லை, ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் ஓடும். ஆனால் 2,000 வாட் மெஷின் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். செல்போன் சார்ஜ் போடும் 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது, ஏ.சி., கீசருக்கான 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறி மோட்டாரையும் திணறடிக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை உருளையிலிருந்து முழுவதும் பிரித்துப் போடுவது நல்லது. வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், ரம்பத்துக்கு முன்னால் அதை வாங்க வேண்டும். ஈரத்தரையில், தூறலில் வேலை கூடவே கூடாது.

நாலு, ஆறு அங்குல பேட்டரி ரம்பங்கள் இப்போது கொய்யா, எலுமிச்சைக் கிளை கழிக்கப் பிரபலம். இங்கும் எண்கள் ஏமாற்றும். 21 வோல்ட் என்பது பெரும்பாலும் 18 வோல்ட்டேதான். ஐந்து லித்தியம் செல்கள் முழுச் சார்ஜில் தலா 4.2 வோல்ட் காட்டும், சாதாரணமாக 3.6. எத்தனை ஆம்பியர்-மணி, மாற்று பேட்டரி கிடைக்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் குட்டி மெஷின்கள் பலவற்றில் செயின் பிரேக் கிடையாது. ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கிளையைப் பற்றுவதுதான் விரல் போகும் வழி.

எந்த மெஷினானாலும் அறுப்பது சங்கிலி. 1940களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ், மரத்தைக் குடையும் வண்டுப் புழு தன் தாடைகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் கடிப்பதைப் பார்த்து இன்றைய சங்கிலியின் பல்லை வடிவமைத்தார். அந்தப் பல் மழுங்கினால் 58 சி.சி. இருந்தும் பயனில்லை. அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மை. மாவாகக் கொட்டினால் அரம் போட வேண்டும். தென்னையின் நார் பல்லைச் சீக்கிரம் மழுக்கும். நகரத்து மரமென்றால் ஆணியையும் பார்க்க வேண்டும். விளம்பரப் பலகை அடித்த ஆணி பட்டைக்குள் புதைந்து கிடந்தால் ஒரே நொடியில் சங்கிலி பாழ். ஆகவே அந்த மாடலுக்கு மாற்றுச் சங்கிலி, பார், அரம் மூன்றும் உள்ளூரில் கிடைக்கின்றனவா என்று வாங்குமுன் விசாரிப்பது நல்லது. ஜெர்மனியின் ஸ்டீல் கம்பெனியின் இந்திய நிறுவனம் பக்கத்துச் சாகணில்தான் இருக்கிறது. தொழிற்பேட்டை ஊரில் ரிப்பேருக்கு வழியில்லாத மெஷினை வாங்குவதில் அர்த்தமில்லை.

பட்ஜெட் பத்தாயிரம் என்றால் முழுவதையும் மெஷினில் போடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கை முகத்திரை வைத்த ஹெல்மெட், காதடைப்பு, கையுறை, முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ், பார் ஆயில் ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும். பெட்ரோல் ரம்பத்தின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதடைப்பு ஆடம்பரமல்ல.

இனி சட்டம். மரம் நம் காம்பவுண்டுக்குள்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975 தனியார் மனைக்கும் பொருந்தும். எரிப்பது, வெட்டுவது, எந்த விதத்திலும் சேதப்படுத்துவது எல்லாமே அதன் பார்வையில் ‘மரத்தை வீழ்த்துவது’தான். அபராதத்தோடு சிறைக்கும் அதில் இடமுண்டு. 2021 திருத்தம் ஐம்பது வயதைக் கடந்த மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என்று தனியாகப் பாதுகாக்கிறது. பச்சைக் கிளையில் ரம்பம் வைக்குமுன் மாநகராட்சியின் தோட்டத் துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி பெறுவதே வழி.

மெஷின் கையில் இருந்தாலும் செய்யக் கூடாத வேலைகள் மூன்று. ஏணியில் நின்று அறுப்பது. தோளுக்கு மேலே தூக்கி அறுப்பது. மின்கம்பியில் சாய்ந்த கிளையைத் தொடுவது. கடைசியதற்கு மின்வாரியத்தைக் கூப்பிட வேண்டும். பாதையை மறித்து விழுந்த பெரிய மரத்துக்குத் தீயணைப்புப் படை இருக்கிறது, எண் 101. இவற்றைக் கழித்துவிட்டால் வீட்டு ரம்பத்துக்கு மிஞ்சுவது தரையில் கிடக்கும் கிளையும், இடுப்புயரக் கொம்பும்தான். ஆண்டுக்கு இரண்டு மணி நேரம்கூட அந்த வேலை இல்லையென்றால், நல்ல கை ரம்பம் ஒன்றும் கிளை கத்திரி ஒன்றும் வாங்கி, பெரிய வேலைக்கு ஆள் வைப்பதே மலிவு.

அப்படி வருகிற ஆள் பெரும்பாலும் ரப்பர் செருப்போடு, தலையில் ஒரு துண்டோடு மரமேறுகிறார். அவருக்குக் கூலி பேசும்போது கயிறு உண்டா, ஹெல்மெட் உண்டா என்றும் கேட்க வேண்டும். இல்லையென்றால் வீட்டிலேயே ஒன்று வாங்கி வைத்துக் கொடுக்கலாம். எந்த ரம்பத்தின் விலையையும்விட அது குறைவுதான்.